வெள்ளி ஊக்கும் பெண்ணின் உடைமையும்

ஊசியும் நூலும் தொடாத ஒரு நீண்ட துணியை உடலில் நழுவாமல் நிறுத்துவது எப்படி? நம் நாட்டுப் பெண்கள் சுற்றியும் மடித்தும் செருகியும் இவ்வினாவுக்கு விடை கண்டார்கள். வட ஆப்பிரிக்காவின் மலைநாட்டுப் பெண்களோ இரண்டு வெள்ளி ஊக்குகளால் விடை கண்டார்கள். தோளுக்கு ஒன்றாக இரு புறமும் குத்தப்பட்ட அவ்வூக்குகள் ஆடையைத் தாங்கின, அழகையும் தந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெண் தனக்கென்று வைத்திருந்த செல்வத்தை அவள் தோளிலேயே வைத்துக் காத்தன. அந்த அணிகலனைப் பற்றியும், அது நம் முன் எழுப்பும் உரிமை வினா ஒன்றைப் பற்றியும் இம்மாதம் சிந்திப்போம்.

மலைநாட்டு மக்கள்

மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா முதலிய நாடுகளை அரபியர் 'மஃரிப்' என்று அழைப்பர். கதிரவன் மறையும் திசை என்பது அதன் பொருள். நம் அந்தி நேரத் தொழுகையின் பெயரும் அதுவே. அந்நாடுகளின் தொன்மையான குடிகளே பெர்பர்கள். அவர்கள் தம்மை 'அமாஸிக்' என்று கூறிக்கொள்வர். ஏழாம் நூற்றாண்டில் இஸ்லாம் அங்கே சென்றடைந்தது. காலப்போக்கில் அதனைத் தழுவிய இம்மக்கள், அரபியை மார்க்கத்தின் மொழியாக ஏற்றதோடு தம் தாய்மொழியையும் கைவிடாது காத்து வந்துள்ளனர். அம்மொழிக்கு மொரோக்கோ 2011-ஆம் ஆண்டிலும் அல்ஜீரியா 2016-ஆம் ஆண்டிலும் தத்தம் அரசியல் சட்டங்களில் ஆட்சிமொழித் தகுதி அளித்தன.

அட்லஸ் மலைச் சிற்றூர்களிலும், அல்ஜீரியாவின் கபீலியா மலைப்பகுதியிலும் பெண்கள் தம் கையாலேயே கம்பளி நூற்றுத் துணி நெய்தனர். தறியிலிருந்து இறக்கிய துணியை வெட்டாமல், தைக்காமல் அப்படியே உடுத்தினர். முதுகுப்புறத் துணியையும் மார்புப்புறத் துணியையும் தோளின்மீது இணைத்து, இடையில் கச்சை கட்டினால் ஆடை முழுமை பெறும். அவ்விணைப்பைத் தாங்குவதே வெள்ளி ஊக்கின் வேலை. தெற்கு மொரோக்கோவில் அதனைத் 'தஸெர்ஸித்' என்பர். இரண்டும் சேர்ந்தால் 'திஸெர்ஸை'. கபீலியாவில் வழங்கும் 'இப்ஸிமென்' என்ற பெயர், கொளுவியைக் குறிக்கும் 'இப்ஸீம்' என்னும் அரபிச் சொல்லிலிருந்து பிறந்தது. அரபி பேசும் ஊர்களில் இது 'கிலாலா' எனப்படுகிறது.

ஒரு பழைய அரபிச் சொல்

'கிலாலா' என்ற பெயரைக் கேட்டவுடன் மதரஸாவில் ஓதியவர்களுக்கு 'கிலால்' என்ற சொல் நினைவுக்கு வரும். போர்வையின் இரு ஓரங்களையும் சேர்த்துக் குத்தும் குச்சிக்கு, அது மரமோ முள்ளோ எதுவாயினும், பண்டைய அரபியர் வைத்த பெயர் அது. ஹழ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களுக்கு 'துல்கிலால்', அதாவது கிலாலை உடையவர், என்ற பட்டப்பெயரும் உண்டு. தம் செல்வத்தையெல்லாம் அல்லாஹ்வின் பாதையில் ஈந்துவிட்டு, ஒரு முரட்டுப் போர்வையை மார்பில் கிலாலால் குத்தி அணிந்தவர்களாக அவர்கள் அமர்ந்திருந்தார்கள் என்று ஓர் அறிவிப்பு தஃப்ஸீர் நூல்களில் காணப்படுகிறது. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்பதை இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆயினும் அரபி அகராதிகள் அப்பட்டப்பெயரைப் பதிவு செய்துள்ளன.

அவர்களுடைய அருமை மகளார் அஸ்மா (ரலி) அவர்களின் பட்டப்பெயரும் ஆடையைக் கட்டும் ஒரு பொருளால் அமைந்ததே. ஹிஜ்ரத் பயணத்தின்போது, கட்டுச்சோற்றைக் கட்டக் கயிறு இல்லாமையால் தம் இடைக்கச்சையை இரண்டாகக் கிழித்துக் கொடுத்து 'தாத்துன் நிதாகைன்', இரு கச்சைகளுக்கு உரியவர், என்று போற்றப்பட்டார்கள். தந்தைக்கு ஓர் ஊக்காலும் மகளுக்கு ஒரு கச்சையாலும் பெயர் வாய்த்தது. இருவருக்கும் அப்பெயரைத் தேடித் தந்தது அவர்கள் அணிந்த பொருளின் விலையன்று. தம் உடைமையைத் தாமாக ஈந்த மனமே.

ஊக்கின் அமைப்பு

இவ்வூக்கு இயங்கும் விதம் மிக எளிது. ஓரிடத்தில் வெட்டு விடப்பட்ட ஒரு வளையம். அவ்வளையத்தில் கோத்த, அங்குமிங்கும் நகரக்கூடிய ஒரு நீண்ட ஊசி. இணைக்க வேண்டிய துணியின் இரு மடிப்புகளையும் ஊசியில் ஏற்றி, ஊசிமுனையை வளையத்தின் வெட்டு வழியே வெளியே விட்டு, வளையத்தைச் சற்றே திருப்பினால் போதும். வெட்டு விலகிச் சென்றுவிட, ஊசி வளையத்தின்மேல் படிந்து நின்றுவிடும். அதன்பின் துணியின் கனமே ஊசியை வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். துணி எவ்வளவுக்குக் கனமோ அவ்வளவுக்குப் பிடி உறுதி. சுருளோ விசையோ எதுவும் தேவையில்லை.

ரோமாபுரியினர் ஆண்ட காலத்திலேயே இவ்வகை ஊக்குகள் மத்தியதரைக் கடலைச் சுற்றிலும் வழக்கில் இருந்தன. ஐரோப்பாவில் தையல் ஆடையும் பொத்தானும் பரவியபின் அவை பெரும்பாலும் மறைந்துபோயின. மஃரிபின் மலைகளில் மட்டும் இருபதாம் நூற்றாண்டு வரை அன்றாடப் பயன்பாட்டில் நிலைத்திருந்தன. இன்று நம் வீட்டுப் பெண்கள் முக்காட்டில் குத்துகின்ற ஊக்கும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. வால்டர் ஹண்ட் என்ற அமெரிக்கர் 1849-ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார். காசுக்கு ஒன்றாகக் கிடைக்கும் அந்தக் கம்பி ஊக்கின் மூத்த உறவுதான் இந்த வெள்ளி அணி.

திஸெர்ஸையில் வளையத்துக்கும் ஊசிக்கும் மேலாக முக்கோண வடிவிலான அகன்ற வெள்ளித் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இரு தோள் ஊக்குகளையும் ஒரு சங்கிலி இணைக்கும். அச்சங்கிலியின் நடுவே முட்டை வடிவ மணியோ சிறு பேழையோ தொங்கும். பெரிய ஜோடிகள் சங்கிலியுடன் அரைக் கிலோ எடையைத் தாண்டுவதும் உண்டு. முக்கோணமும் கைவடிவமும் கண்ணேறு கழிக்கும் என்ற நம்பிக்கை அம்மக்களிடையே இருந்தது. காக்கும் ஆற்றல் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. உலோகத்துக்கு அது இல்லை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எனினும், அந்த வெள்ளி வேறொரு வகையில் பெண்ணைக் காத்தது. அதனைப் பின்னர் காண்போம்.

காசு உருகி அணியாயிற்று

இவ்வளவு வெள்ளியும் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நாணயங்களிலிருந்து வந்தது. ஸ்பெயின் நாட்டு வெள்ளிக் காசுகளும் பிரெஞ்சு வெள்ளிக் காசுகளும் வாணிபத்தின் வழியே மலைகளை அடைந்தன. மொரோக்கோவின் சுல்தான் முதலாம் ஹஸன் 1880-களில் பாரிஸ் நகரில் அச்சடிக்கச் செய்த வெள்ளி நாணயங்களும் அவற்றோடு சேர்ந்தன. திருமணம் நிச்சயமானால் குடும்பத்தார் சேர்த்து வைத்த காசுகளை எண்ணிப் பொற்கொல்லரிடம் கொடுப்பர். அவர் அவற்றை மூசையிலிட்டுக் கரி நெருப்பில் உருக்கி, வார்த்து, தட்டி, செதுக்கி, ஊக்காகத் திருப்பிக் கொடுப்பார். காசாக இருந்தபோது அது வீட்டின் பணம். ஊக்காக மாறியபின் அது மணமகளின் பொருள்.

மொரோக்கோவின் திஸ்னித் நகரம் இக்கலைக்குப் பெயர் பெற்றது. சுல்தான் முதலாம் ஹஸனின் ஆட்சியில் 1880-களில் மதில் சூழ எழுந்த அந்நகரின் வெள்ளிக் கடைவீதி இன்றும் புகழுடன் விளங்குகிறது. மொரோக்கோவில் இப்பணியைச் செய்தவர்களில் மிகப் பலர் யூதர்கள். முஸ்லிம் பெண்ணின் திருமண அணியை யூதக் கொல்லர் செய்து தருவது அங்கே பல தலைமுறைகளின் வழக்கம். 1948-ஆம் ஆண்டுக்குப் பின் இருபது ஆண்டுகளில் அவர்களுள் பெரும்பாலோர் நாட்டை விட்டுச் சென்றனர். அவர்களிடம் தொழில் பயின்றவர்களும் பிற முஸ்லிம் கைவினைஞர்களும் பட்டறைகளைத் தொடர்ந்து நடத்தினர். துனீசியாவின் ஜெர்பா தீவில் மட்டும் யூதப் பொற்கொல்லர்கள் இன்றும் தொழில் செய்து வருகின்றனர்.

அல்ஜீரியாவின் கபீலியாவில் நிலைமை வேறு. அங்கே ஆத் யென்னி என்னும் மலையூர்களின் முஸ்லிம் கொல்லர்களே இக்கலையில் சிறந்து விளங்கினர். தகட்டின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியை வளைத்துச் சிறு சிறு அறைகள் அமைத்து, அவற்றில் வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சூளையில் உருக்குவர். நீலம், பச்சை, மஞ்சள் ஆகிய மூன்றும் அவர்களுடைய வண்ணங்கள். இவற்றினிடையே மத்தியதரைக் கடலின் செம்பவளத்தைப் பதிப்பர். அந்தலுஸிலிருந்து வெளியேறி வந்தவர்கள் வழியாக இந்த எனாமல் கலை மலைகளை அடைந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

நெற்றியில் ஏறிய வட்டம்

ஆத் யென்னிக் கொல்லர்களின் தலைசிறந்த படைப்பு, 'தப்ஸிம்த்' என்னும் பெரிய வட்ட ஊக்கு. ஆண்மகவைப் பெற்ற தாய் அதனை நெற்றியில் அணியும் வழக்கம் கபீலியாவில் இருந்தது. அவள் ஆண் குழந்தையின் தாய் என்பதை ஊரார் தொலைவிலிருந்தே அறிந்துகொள்வர். பெண் குழந்தையைப் பெற்றவளுக்கு அந்தப் பெருமை இல்லை.

அணிகலனின் வேலைப்பாட்டைப் போற்றும்போதே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுப்பவனைத் திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் கடிந்துரைக்கிறது. அதனை ஓதி வந்த சமுதாயத்தில்தான் இவ்வழக்கமும் வேரூன்றியிருந்தது. நம் ஊர்களில் ஆண் பிறந்தால் இனிப்பு வழங்குவதும், பெண் பிறந்தால் ஆறுதல் சொல்வதும் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், கபீலியா நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

நிலம் மறுக்கப்பட்ட இடத்தில்

இன்னும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1748-ஆம் ஆண்டை ஒட்டி, ஆத் யென்னி மக்களும் அங்கம் வகித்த ஆத் பெத்ரூன் கூட்டமைப்பின் பெரியோர்கள் கூடி, பெண்களுக்கு வாரிசுரிமை இல்லை என்று முடிவு செய்தனர். மகளுக்குப் பங்கு கொடுத்தால் அவள் மணம் முடித்துச் செல்லும் வேற்றுக் குலத்தாரிடம் நிலம் போய்விடும் என்ற அச்சமே அதன் அடிப்படை. திருக்குர்ஆன் எண்ணிக்கையிட்டு வகுத்த பங்கை, தொழுகையை விடாத ஒரு சமுதாயத்தின் ஊர்க்கூட்டம் நிறுத்தி வைத்தது. பிரெஞ்சு ஆட்சியும் அவ்வழக்கத்தைப் பெருமளவு அப்படியே விட்டுவைத்தது. சுதந்திர அல்ஜீரியாவின் 1984-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் ஷரீஅத்தின் பங்கீட்டை எழுத்தில் நிலைநாட்டியது.

நிலம் மறுக்கப்பட்ட பெண்ணின் கையில் எஞ்சியது என்ன? அவள் மேனியில் இருந்த வெள்ளியே. அதனால்தான் அந்த ஊக்கை வெறும் அலங்காரம் என்று எண்ணி நாம் கடந்து செல்ல இயலாது.

தோளில் இருந்த சேமிப்பு

மஃரிபின் மலைகளில் மழை பொய்ப்பது அடிக்கடி நிகழ்வது. மழை பொய்த்தால் தானியம் இல்லை. தீவனம் இல்லாமையால் ஆடு மாடுகளும் விலை போகா. அக்காலங்களில் கடைத்தெருவுக்குச் சென்றது பெண்ணின் வெள்ளி. கொல்லர் வேலைப்பாட்டைப் பார்த்து விலை பேசமாட்டார்; தராசில் இட்டு எடைக்கு விலை சொல்வார். நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் மீண்டும் வாங்கலாம் என்ற நம்பிக்கையில் விற்பார்கள். 1945-ஆம் ஆண்டை மொரோக்கோ மக்கள் 'பூன் ஆண்டு', அதாவது பங்கீட்டுச் சீட்டு ஆண்டு, என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். அதுபோன்ற பஞ்ச காலங்களில் தோளிலிருந்து இறங்கிய வெள்ளியெல்லாம் திரும்ப ஏறிவிடவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தையல் ஆடையும் ஆலைத்துணியும் மலைகளை எட்டின. மெல்லிய துணி கனத்த ஊக்கைத் தாங்கவில்லை. நகரத்தைப் பார்த்துக் கிராமமும் தங்கத்தை விரும்பத் தொடங்கியது. பழைய ஊக்குகளில் பல உருக்கப்பட்டன. பல ஐரோப்பிய வணிகர்களின் கைக்குச் சென்றன. இன்று அவற்றை மராகேஷ் நகரின் மஜோரெல் தோட்டத்தில் 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அமாஸிக் கலை அருங்காட்சியகத்திலும், பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்திலும் கண்ணாடிக்குப் பின்னால் காணலாம். ஊரின் பெயரையும் காலத்தையும் அங்கே எழுதி வைப்பர். அதனை அணிந்த பெண்ணின் பெயரைக் காண்பது அரிது. விற்றபோது அவளிடம் கேட்டார்களா என்பதையும் அந்தச் சீட்டு சொல்லாது.

அந்த வெள்ளி யாருடையது?

இந்த வினாவுக்கு மார்க்கம் தெளிவான விடை தந்திருக்கிறது. மஹராகக் கொடுத்ததும், பெற்றோர் மகளுக்கு அன்பளிப்பாக அளித்ததும் அவளுக்கே உரியவை. பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் பறிக்கலாகாது என்பது அந்நிஸா அத்தியாயத்தின் கட்டளை. அவளாக மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே கணவன் அதனை அனுபவிக்கலாம்.

ஒரு பெருநாள் தொழுகைக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெண்களிடம் சென்று தர்மம் செய்யுமாறு கூறியதும், பெண்கள் தம் காதணிகளையும் மோதிரங்களையும் கழற்றி பிலால் (ரலி) அவர்கள் விரித்த துணியில் இட்டதும் ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளன. கணவரிடம் கேட்டுவிட்டு வருகிறோம் என்று அவர்களில் எவரும் வீட்டுக்குச் செல்லவில்லை. பெண் தன் பொருளைத் தானே ஈயலாம் என்பதற்கு இதனை ஆதாரமாகக் காட்டும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈவதற்குக் கணவரின் இசைவு வேண்டும் என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து என்பதையும் சேர்த்தே கூறுகிறார்கள். மஃரிப் மக்கள் பின்பற்றுவது மாலிகி மத்ஹபையே. ஈவதற்கு அளவு வைத்த மத்ஹபும், உடைமை அவளுடையது என்பதில் மாறுபடவில்லை.

ஸகாத் பற்றியும் மாணவியர் அடிக்கடி கேட்பதுண்டு. பெண் அணிவதற்கென்று வைத்திருக்கும் ஆகுமான நகைக்கு ஸகாத் இல்லை என்பது ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் தீர்ப்பு. ஹனஃபி மத்ஹபில் நிஸாபை அடைந்த நகைக்கு ஸகாத் கடமை. வெள்ளியின் நிஸாப் இருநூறு திர்ஹம். நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் அதனை ஏறத்தாழ 612 கிராம் என்று கணக்கிடுகின்றனர். அணிவதற்கன்றித் துன்ப நாளுக்கென்று பெட்டியில் பூட்டி வைத்த நகையை மாலிகி அறிஞர்கள் தனியே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, அணியும் வெள்ளி வேறு. பூட்டி வைத்த வெள்ளி வேறு. அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் விளக்கம் கேட்டு நடப்பதே முறை. கேட்க வேண்டியவளும், கொடுக்க வேண்டியவளும் நகைக்கு உரியவளே என்பதை மறக்கலாகாது.

நம் வீட்டுப் பெட்டி

அட்லஸ் மலைப் பெண்ணின் தோளிலிருந்த வெள்ளி பஞ்சத்தில் இறங்கியது. நம் பெண்களின் கழுத்திலிருந்து தங்கம் இறங்குவது பெரும்பாலும் வளைகுடா விசாவுக்காக. அல்லது வீடு கட்ட. அல்லது நாத்தனாரின் திருமணத்துக்காக. கொடுக்கும் பெண் பெரும்பாலும் மனமுவந்தே கொடுக்கிறாள். கொடுத்தது அன்பளிப்பா, கடனா என்று எவரும் பேசுவதில்லை. பேசுவதே வெட்கம் என்று எண்ணுகிறோம். ஆண்டுகள் கழிந்து, தலாக்கோ மரணமோ நேர்ந்தபின் அதே பேச்சு ஜமாஅத்தின் முன் கசப்புடன் வந்து நிற்கிறது. அப்போது அவளிடம் சாட்சியும் இல்லை, சீட்டும் இல்லை.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். கணவன் மனைவி இடையிலான கடன் அதற்கு விலக்கன்று. ஆகவே மூன்று செயல்களை வழக்கமாக்கிக்கொள்வோம். நிக்காஹ் நாளிலேயே மாப்பிள்ளை வீட்டார் போடும் நகை மஹரா, அன்பளிப்பா, இரவலா என்பதைத் தெளிவாகச் சொல்லி எழுதிக்கொள்வோம். மனைவியின் நகையை வாங்கி விற்கவோ அடகு வைக்கவோ நேர்ந்தால், எடையைக் குறித்து, அந்த எடையாகத் திருப்புவதா பணமாகத் திருப்புவதா என்பதையும் எழுதி, இருவர் சாட்சியுடன் அவள் கையில் கொடுப்போம். தங்கத்தின் விலை ஏறும் வேகத்தில், இந்த ஒரு வரி விடுபட்டால் திரும்பக் கிடைப்பது பாதியாகிவிடும். கணவர் காலமானால், சொத்தைப் பங்கிடும் முன் மனைவியின் நகைக்கடனைத் தீர்ப்போம். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின்னரே வாரிசுகளின் பங்கு தொடங்குகிறது.

பேரேடும் வங்கியும் இல்லாத மலைகளில், ஒரு பெண்ணின் உடைமைக்கு அவள் தோளில் பளிச்சிட்ட வெள்ளியே சாட்சியாக இருந்தது. கண்ட எவரும் அது அவளுடையது என்று அறிந்தனர். நம் பெண்களின் நகை பெட்டிக்குள் இருக்கிறது. அடகுக் கடையில் இருக்கிறது. விற்ற காசாகச் சுவரிலும் கூரையிலும் இருக்கிறது. அது அவளுடையது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது சாட்சியாக இருக்கட்டும். உரியவர்க்கு உரியதைச் சேர்ப்பிக்கும் மக்களாக வல்ல நாயன் நம்மை ஆக்குவானாக.